ஹப்ரே: கைதிகள் தொடுத்த வழக்கு

சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசே 1998 அக்டோபரில் லண்டன் மருத்துவமனை ஒன்றில் படுத்திருந்தபோது கைது செய்யப்பட்டதைச் சென்ற இதழில் பார்த்தோம். அந்தச் செய்தியை யாரெல்லாமோ கேட்டார்கள். மற்ற எவரையும்விடக் கூர்ந்து கேட்டவர்கள் ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் இருந்தார்கள். ஒரு நாட்டை ஆண்டவனை இன்னொரு நாட்டின் நீதிமன்றம் பிடிக்கலாம் என்றால், எங்கள் ஆளையும் பிடிக்கலாம்தானே என்று அவர்கள் கேட்டார்கள். அவர்களுடைய ஆளின் பெயர் ஹிசேன் ஹப்ரே. அப்போது அவர் செனகலின் தலைநகரான டாக்கரில், கடற்கரை நகரத்தின் நல்ல வட்டாரம் ஒன்றில், அக்கம்பக்கத்தாரின் மரியாதையோடு வாழ்ந்துகொண்டிருந்தார்.

ஹப்ரே 1942இல் சாட்டின் வடக்கே, சகாராப் பாலைவனத்து ஊரான ஃபாயா லார்ஷோவில், கால்நடை மேய்க்கும் குடும்பத்தில் பிறந்தவர். சாட் அப்போது பிரான்சின் காலனி. கெட்டிக்காரப் பையனைப் பிரெஞ்சு அதிகாரிகள் கவனித்தார்கள். உள்ளூர் நிர்வாகத்தில் வேலை கிடைத்தது, பிறகு மேற்படிப்புக்குப் பாரிஸ். 1970களின் தொடக்கத்தில் நாடு திரும்பியவர், தெற்கத்தியர் கையில் இருந்த அரசுக்கு எதிராக வடக்கே ஆயுதம் ஏந்தியிருந்த கிளர்ச்சியாளர்களோடு சேர்ந்துவிட்டார்.

உலகம் அவர் பெயரை முதலில் கேட்டது ஒரு கடத்தலில். 1974 ஏப்ரலில், பர்தாய் என்ற பாலைவனச் சிற்றூரில் பிரான்சுவாஸ் கிளோஸ்த்ர் என்ற பிரெஞ்சுத் தொல்லியல் அறிஞரை ஹப்ரேயின் ஆட்கள் பிடித்துச் சென்றார்கள். பேச்சுவார்த்தைக்குப் போன பிரெஞ்சு ராணுவ அதிகாரி கலோப்பானைப் பிடித்து வைத்துக்கொண்டு, 1975இல் கொன்றார்கள். மனைவியை மீட்கப் போன கணவரும் சிறைப்பட்டார். பாலைவனத்தில் இருந்து கிளோஸ்த்ர் அழுதுகொண்டே பேசிய பேட்டி பிரெஞ்சுத் தொலைக்காட்சியில் வந்தபோது நாடே கொதித்தது. 1977 ஜனவரியில்தான் அவர் விடுதலையானார். அதற்குள் ஹப்ரே தன் கூட்டாளி குக்குனி வெத்தேயுடன் முறித்துக்கொண்டு தனிப் படை கட்டியிருந்தார்.

இந்தக் கடத்தலை நான் இங்கே விரித்துச் சொல்லக் காரணம் உண்டு. இந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்பது பிரான்சுக்குத் தெரியும். தன் அதிகாரி ஒருவரின் உயிரைக் கொடுத்து அது அறிந்துகொண்டது. அப்படியிருந்தும் பத்தாண்டு கழியுமுன் அதே பிரான்ஸ் அவருக்காகப் படை அனுப்பியது.

இடைப்பட்ட ஆண்டுகளின் கதை சிக்கலானது, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1978இல் அதிபர் மல்லூமுடன் ஒப்பந்தம் செய்து பிரதமரானார். ஆறே மாதத்தில் தலைநகர் என்ஜமேனாவின் தெருக்களில் இருவர் படைகளும் மோதின. அடுத்து வந்த கூட்டணி அரசில் குக்குனி தலைவர், ஹப்ரே பாதுகாப்பு அமைச்சர். 1980இல் இருவருக்கும் போர் மூண்டது. லிபியாவின் கடாஃபி குக்குனிக்காகத் தன் படையை இறக்க, அந்த ஆண்டு டிசம்பரில் ஹப்ரே துரத்தப்பட்டார்.

கடாஃபி உள்ளே வந்ததுதான் ஹப்ரேக்கு வாழ்வு கொடுத்தது. சாட்டின் வடக்கே ஆவுசூ நிலப்பட்டையை லிபியா ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தது. 1981 ஜனவரியில் இரு நாடுகளும் ஒன்றாகப் போவதாகவும் அறிவிப்பு வந்தது. வாஷிங்டனில் ரீகன் அப்போதுதான் பதவியேற்றிருந்தார். கடாஃபியை எதிர்க்க ஓர் ஆள் வேண்டும். சூடான் எல்லையில் சிதறிய படையோடு ஹப்ரே காத்திருந்தார். சிஐஏ வழியாகப் பணமும் ஆயுதமும் வந்தன. 1982 ஜூன் 7ஆம் தேதி ஹப்ரேயின் படை என்ஜமேனாவுக்குள் நுழைந்தது.

அடுத்த எட்டு ஆண்டுகளில் நடந்தவற்றுக்குத்தான் பின்னாளில் வழக்கு.

1983 ஜனவரி 26ஆம் தேதி ஓர் அரசாணை வெளியானது. ஆவண, பாதுகாப்பு இயக்ககம் என்ற புதிய துறை தொடங்கப்படுகிறது. அது நேரடியாக அதிபர் மாளிகைக்குக் கட்டுப்பட்டது என்றது அந்த ஆணை. பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து மக்கள் அதை டிடிஎஸ் என்றார்கள். அடுத்தடுத்து வந்த அதன் இயக்குநர்கள் ஹப்ரேக்கு நெருக்கமானவர்கள், ஒருவர் அவருடைய உறவினர். கைது செய்ய வழக்கு வேண்டாம், குற்றச்சாட்டு வேண்டாம். எல்லைக்கு அப்பால் உறவினர் இருந்தால் போதும்; பக்கத்து வீட்டுக்காரர் ஒரு சொல் சொன்னால் போதும்.

காலனிக் காலத்தில் பிரெஞ்சுப் படையினரின் குடும்பங்கள் குளிப்பதற்காக என்ஜமேனாவில் ஒரு நீச்சல் குளம் கட்டியிருந்தார்கள். டிடிஎஸ் அந்தக் குளத்தின் மேல் கான்கிரீட் கூரை போட்டு மூடி, உள்ளே சுவரெழுப்பிப் பத்து அறைகளாக்கியது. தரைக்கு அடியில் காற்றும் வெளிச்சமும் இல்லாத அறைகள். வெயில் நேராக அந்தக் கூரையில் இறங்கும். நிற்கவே இடமில்லாமல் ஆட்களை அடைத்தார்கள். இறந்தவரை உடனே எடுக்க மாட்டார்கள். சில உடல்கள் சேர்ந்த பிறகுதான் கதவு திறக்கும். குளிர்ச்சிக்காகப் பிணத்தின் மேல் சாய்ந்து கிடந்ததை உயிர் பிழைத்தவர்கள் பின்னர் சொன்னார்கள். கைகளையும் கால்களையும் முதுகுக்குப் பின்னால் சேர்த்து இறுகக் கட்டும் சித்திரவதைக்கு ‘அர்பதஷார்’ என்று பெயர். அதில் ரத்த ஓட்டம் நின்று கைகால் செயலிழந்தவர்கள் இன்றும் சாட்டில் இருக்கிறார்கள்.

கிளெமான் அபைஃபூதா என்ற இளைஞருக்கு 1985இல் ஜெர்மனியில் படிக்க உதவித்தொகை கிடைத்திருந்தது. புறப்படும் முன் கைதானார். சிறையில் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை, செத்த கைதிகளைப் புதைப்பது. நகருக்கு வெளியே ஹம்ரல் கோஸ் என்ற வெளியில் நான்கு ஆண்டுகள் குழி வெட்டினார். ‘பிணங்களின் சமவெளி’ என்று பின்னர் பெயர்பெற்ற அந்த இடத்தில் அவர் கையால் புதைத்தவர்கள் நூற்றுக்கணக்கானோர்.

ரோஸ் லொக்கிசிம் ராணுவத்தில் இருந்த இளம் பெண். 1984இல் பிடிபட்டவர், சிறைக்குள் யார் யார் வருகிறார்கள், யார் யார் சாகிறார்கள் என்று நினைவில் வைத்துக்கொண்டு, வெளியே குடும்பங்களுக்குச் சேதி அனுப்பிக்கொண்டிருந்தார். உடனிருந்தவர் காட்டிக்கொடுக்க, 1986 மே மாதம் அவரைக் கொன்றார்கள். கடைசி விசாரணையில் அவர் அஞ்சவில்லை. தான் செத்தாலும் நாடு தனக்கு நன்றி சொல்லும், வரலாறு தன்னைப் பற்றிப் பேசும் என்றார். நமக்கு இது தெரிவதற்குக் காரணம், விசாரித்த அதிகாரியே அதை எழுதிவைத்ததுதான்.

தனி ஆட்களோடு நிற்கவில்லை. 1984இல் தெற்கே கிளர்ச்சியை அடக்குகிறோம் என்று ஊர் ஊராகப் புகுந்து கொன்றார்கள்; மக்கள் அதைக் ‘கறுப்பு செப்டம்பர்’ என்கிறார்கள். 1987இல் ஹஜராய் இனத்தார், 1989இல் ஸகாவா இனத்தார். அந்தந்த இனத்துத் தலைவர் ஒருவர் ஹப்ரேயோடு முரண்பட்டால், இனம் முழுவதும் பகை. போர்க்கைதிகளுக்கும் அதே கதி. 1983இல் ஃபாயா லார்ஷோவைத் திரும்பப் பிடித்தபோது சரணடைந்தவர்களில் ஏறத்தாழ 150 பேரைச் சிறையிலிருந்து கொண்டுபோய், என்ஜமேனாவுக்கு வெளியே அம்பிங் என்ற இடத்தில் சுட்டார்கள். பிணங்களுக்கு இடையில் கிடந்து ஒருவர் தப்பினார். முப்பது ஆண்டுக்குப் பின் அவர் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார்.

இவை எல்லாம் நடந்த அதே ஆண்டுகளில்தான் ஹப்ரே உலகப் புகழ் பெற்றார். 1987இன் போரைப் படைத்துறைக் கல்லூரிகளில் இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள். லிபியாவிடம் டாங்கிகள், போர் விமானங்கள். சாட் வீரர்களிடம் டொயோட்டா பிக்கப் வண்டிகள்; அவற்றின் முதுகில் மிலான் ஏவுகணைகள். மணலில் பறந்து வந்து அடித்துவிட்டுப் போனார்கள். ஜனவரியில் ஃபாதா, மார்ச் 22ஆம் தேதி லிபியாவின் பெரிய விமானத் தளமான வாடி தூம், செப்டம்பரில் லிபிய எல்லைக்குள்ளேயே ஒரு தளம். கடாஃபிக்கு அத்தனை அவமானமான தோல்வி வேறில்லை. அந்த ஜூனில் ரீகன் ஹப்ரேயை வெள்ளை மாளிகைக்கு அழைத்துக் கைகுலுக்கினார். பாரிசிலும் அவருக்குச் செங்கம்பளம். ஹஜராய் மக்களின் வீடுகளில் டிடிஎஸ் கதவைத் தட்டிக்கொண்டிருந்த ஆண்டு அது.

வீழ்ச்சியும் அவருடைய முகாமிலிருந்தே வந்தது. முன்பு அவருக்குப் படை நடத்திய இத்ரிஸ் தெபி, 1989இல் ஸகாவா மக்கள் மேல் வேட்டை தொடங்கியபோது சூடானுக்குத் தப்பினார். லிபியா ஆயுதம் கொடுத்தது. பனிப்போர் முடிந்துகொண்டிருந்தது, பிரான்சும் இம்முறை தடுக்கவில்லை. 1990 டிசம்பர் 1ஆம் தேதி தப்பி ஓடிய ஹப்ரே, கேமரூன் வழியாக டாக்கர் போய்ச் சேர்ந்தார். போகும்போது அரசுக் கருவூலத்தைத் துடைத்துக்கொண்டு போனார் என்பது பின்னர் அமைந்த விசாரணை ஆணையத்தின் முடிவு. 1992இல் வெளியான அதன் அறிக்கை, கொல்லப்பட்டவர்கள் 40,000 பேர் இருக்கலாம் என்று மதிப்பிட்டது.

சிறைக் கதவுகள் திறந்தபோது வெளியே வந்தவர்களில் ஒருவர் சுலைமான் கெங்கெங். சாட் ஏரிப் படுகை ஆணையத்தில் கணக்காளர். 1988இல் பிடிபட்டு இரண்டு ஆண்டுக்கு மேல் உள்ளே கிடந்தார். கூட இருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாவதைப் பார்த்தார். தானும் நடக்க முடியாத நிலைக்குப் போனார். உயிரோடு வெளியே போனால் இதற்கு நியாயம் கேட்பேன் என்று அங்கே கடவுளிடம் நேர்ந்துகொண்டார். வெளியே வந்ததும், தொழிலில் பழகிய ஒழுங்கோடு ஆட்களைத் தேடிப்போய்க் கேட்டு எழுதினார்: பெயர், கைதான நாள், சிறை, என்ன செய்தார்கள், உடன் இருந்தவர் யார், யார் செத்தார். 792 வாக்குமூலங்கள் சேர்ந்தன. ஆனால் புதிய ஆட்சியில் காவல்துறைப் பதவிகளில் பழைய டிடிஎஸ் ஆட்களே அமர்ந்திருந்தார்கள். மிரட்டல் வந்தது. கெங்கெங் அந்தத் தாள்களை வீட்டில் மறைத்துவைத்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்.

பினோசே கைதானதும் நிலைமை மாறியது. சாட் வழக்கறிஞர் டெல்ஃபின் ஜிரைபே 1999இல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பிடம் உதவி கேட்டார். பினோசே வழக்கில் பணியாற்றியிருந்த அமெரிக்க வழக்கறிஞர் ரீட் பிராடி இதைக் கையிலெடுத்தார். ஐ.நா.வின் சித்திரவதைத் தடுப்பு ஒப்பந்தத்தில் செனகல் முன்பே கையெழுத்திட்டிருந்தது. தன் மண்ணில் இருக்கும் சித்திரவதைக்காரரை விசாரிக்க வேண்டும், இல்லையேல் கேட்கும் நாட்டிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது அந்த ஒப்பந்தம். 2000 ஜனவரியில் கெங்கெங்கும் மற்றவர்களும் டாக்கர் நீதிமன்றத்தில் புகார் கொடுத்தார்கள். மறைத்துவைத்த தாள்கள் வெளியே வந்தன. பிப்ரவரி 3ஆம் தேதி நீதிபதி தெம்பா கஞ்சி ஹப்ரே மேல் குற்றம் பதிவு செய்தார்.

நம்ப முடியாத வேகம். ஆனால் சில வாரங்களில் செனகலில் ஆட்சி மாறியது. புதிய அதிபர் அப்துலாயே வாதின் ஆலோசகராக ஹப்ரேயின் வழக்கறிஞரே இருந்தார். நீதிபதி மாற்றப்பட்டார். வெளிநாட்டில் நடந்த குற்றத்தை விசாரிக்க அதிகாரம் இல்லை என்று 2001 மார்ச்சில் நாட்டின் மிக உயர்ந்த முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது.

அந்த ஆண்டு மே மாதம், என்ஜமேனாவில் பாழடைந்து கிடந்த டிடிஎஸ் தலைமையகத்துக்குள் போன பிராடியின் குழுவினர், ஓர் அறைத் தரை முழுக்க முழங்கால் அளவு காகிதம் கிடந்ததைப் பார்த்தார்கள். கைதிகள் பட்டியல், இறப்புச் சான்று, விசாரணைக் குறிப்பு, ஒற்றர் அறிக்கை. ஓடும்போது எரிக்க நேரமில்லாமல் விட்டுப்போன ஆயிரக்கணக்கான தாள்கள். அவற்றை அடுக்கிக் கணக்கெடுத்தபோது 12,321 பேரின் பெயர்கள் கிடைத்தன; அவர்களில் 1,208 பேர் கொல்லப்பட்டோ காவலில் இறந்தோ போனவர்கள். ஹப்ரேக்கு மிகப்பெரிய இடி வேறொன்று: 898 கைதிகளைப் பற்றி அவருக்கே நேரடியாக அனுப்பிய 1,265 கடிதங்கள். கீழே உள்ளவர்கள் செய்தது தலைவருக்குத் தெரியாது என்ற வாதம் அந்த அறைத் தரையிலேயே முடிந்துபோனது. ரோஸ் லொக்கிசிமின் கடைசி விசாரணைக் குறிப்பும் இந்தக் குவியலில் இருந்ததுதான்.

அடுத்த மாதமே, பாதிக்கப்பட்டவர்களின் வழக்கறிஞர் ஜாக்குலின் முதெய்னா என்ஜமேனாவில் ஓர் ஆர்ப்பாட்டத்தில் நின்றபோது காவலர்கள் கையெறி குண்டு வீசினார்கள். காலில் உலோகத் துண்டுகள் பாய்ந்தன. அங்கே காவல் படைக்குத் தலைமை தாங்கியவர் பழைய டிடிஎஸ் அதிகாரி. முதெய்னா சிகிச்சை முடித்து வழக்குக்குத் திரும்பினார்.

பெல்ஜியத்தில் குடியேறியிருந்த சாட் மக்கள் அங்கேயும் புகார் கொடுத்திருந்தார்கள். 2005இல் பெல்ஜியம் பிடியாணை பிறப்பித்தது. செனகல் ஹப்ரேயைப் பிடித்தது, விட்டது, ஆப்பிரிக்க ஒன்றியத்திடம் தள்ளியது. 2006இல் ஒன்றியம், ஆப்பிரிக்காவின் சார்பில் நீயே விசாரி என்று திருப்பித் தந்தது. பணம் இல்லை என்றது செனகல். 2009இல் பெல்ஜியம் ஹேகில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தில் செனகல் மீதே வழக்குப் போட்டது. 2012 ஜூலை 20ஆம் தேதி தீர்ப்பு: உடனே விசாரி, அல்லது ஒப்படை. அதற்குள் வாத் தேர்தலில் தோற்று மாக்கி சால் அதிபராகியிருந்தார். செனகலும் ஆப்பிரிக்க ஒன்றியமும் சேர்ந்து டாக்கரிலேயே சிறப்பு நீதிமன்றம் அமைத்தன. 2013 ஜூன் 30ஆம் தேதி ஹப்ரே கைதானார். புகார் கொடுத்துப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. நியாயம் கேட்டு வந்தவர்கள் பலர் அதற்குள் இறந்துவிட்டார்கள். எந்தத் தீர்ப்பாலும் ஈடுசெய்ய முடியாத இழப்பு அது; அந்த ஆண்டுகளை வீணடித்த அரசுகள் அதற்குப் பொறுப்பு.

2015 ஜூலை 20ஆம் தேதி விசாரணை தொடங்கியது. ஹப்ரே கூச்சலிட்டார், வெளியே கொண்டுபோனார்கள். அவருடைய வழக்கறிஞர்கள் வர மறுத்தார்கள். நீதிமன்றம் வேறு மூவரை நியமித்து அவகாசம் கொடுத்தது. செப்டம்பரில் காவலர்கள் அவரைத் தூக்கி வந்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அன்றுமுதல் அவர் பேசவில்லை. வெள்ளை அங்கி, தலைப்பாகை, கறுப்புக் கண்ணாடி. புர்கினா ஃபாசோவைச் சேர்ந்த நீதிபதி குஸ்தாவ் காம் தலைமையில் 93 சாட்சிகள் பேசினார்கள். கெங்கெங் பேசினார். குழிவெட்டிய அபைஃபூதா பேசினார்.

எல்லாரையும் உலுக்கியது பெண்களின் சாட்சியம். 1988இல் சில பெண் கைதிகளை வாடி தூம் ராணுவ முகாமுக்கு அனுப்பி, வீரர்களுக்கு அடிமைகளாக வைத்திருந்தார்கள். கால் நூற்றாண்டு வெளியே சொல்லாமல் இருந்ததை அவர்கள் ஹப்ரேயின் முகத்துக்கு எதிரே நின்று சொன்னார்கள். ஒரு பெண், அதிபரே தன்னை வன்புணர்வு செய்தார் என்றார். அந்த முகாமின் பெயரை உலகம் அதுவரை வெற்றியோடு மட்டும் சேர்த்தே கேட்டிருந்தது.

2016 மே 30ஆம் தேதி தீர்ப்பு. மனிதகுலத்துக்கு எதிரான குற்றம், போர்க்குற்றம், சித்திரவதை; ஆயுள் தண்டனை. ஒரு நாட்டின் முன்னாள் அதிபரை இன்னொரு நாட்டின் நீதிமன்றம் இத்தகைய குற்றங்களுக்காகத் தண்டித்தது இதுவே முதல்முறை. ஹப்ரே கைகளை உயர்த்தி, ஆப்பிரிக்காவில் பிரான்சின் ஆதிக்கம் ஒழிக என்று முழங்கினார். பார்வையாளர் பக்கத்தில் பாதிக்கப்பட்டவர்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள்.

2017 ஏப்ரலில் மேல்முறையீட்டு மன்றம் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது. ஆனால் ஹப்ரே தானே செய்த வன்புணர்வு என்ற குற்றத்திலிருந்து அவரை விடுவித்தது. அந்தச் சாட்சியம் குற்றப்பத்திரிகை முடிந்த பிறகு வந்தது என்பது காரணம். அந்தப் பெண் சொன்னது பொய் என்று மன்றம் சொல்லவில்லை. முதலிலேயே குற்றப்பத்திரிகையில் பாலியல் குற்றங்களுக்கு உரிய இடம் கொடுக்காதது விசாரணை அதிகாரிகளின் தவறு. அதன் பாரத்தைச் சுமந்தது சாட்சி சொல்ல வந்த பெண்.

அதே மன்றம் 7,396 பேருக்கு 82 பில்லியன் சிஎஃப்ஏ பிராங்க் இழப்பீடு விதித்தது. ஏறத்தாழ 12.5 கோடி யூரோ. முன்னதாக 2015 மார்ச்சில் சாட் நீதிமன்றம் ஒன்று டிடிஎஸ் ஆட்கள் இருபது பேரைத் தண்டித்தபோதும் பெருந்தொகை விதித்தது. அந்தத் தலைமையகத்தை நினைவகமாக்கவும் சொன்னது. பணம் வரவில்லை. விதவைகளும் முதியவர்களும் என்ஜமேனாவின் தெருக்களில் பதாகை பிடித்து நின்றார்கள். 2024 பிப்ரவரியில்தான் சாட் அரசு ஒரு சிறு பகுதியைப் பங்கிட்டுக் கொடுக்கத் தொடங்கியது.

சிறையில் இருந்த ஹப்ரே 2021 ஆகஸ்ட் 24ஆம் தேதி, கொரோனா தொற்றி டாக்கரில் இறந்தார். அதற்கு நான்கு மாதம் முன்பு தெபி போர்முனையில் காயம்பட்டு இறந்திருந்தார். 1984இல் தெற்கே ஊர்கள் எரிந்தபோது படைத்தலைவராக இருந்தவர் தெபிதான். முப்பது ஆண்டு அதிபராக இருந்த அவரை எந்த நீதிமன்றமும் அழைக்கவில்லை. ஹப்ரேக்கு ஆயுதம் கொடுத்த நாடுகளின் அதிகாரிகளையும் அழைக்கவில்லை. அடுத்த இதழில் லைபீரியாவின் சார்ல்ஸ் டெய்லர்.

(தொடரும்)